ஐஸ் வைச்ச லைலாக்கும் முத்தப்போற பட்டாணியும்

தம்பி,

இதைத் தமிழிலை எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. போனிலை சொன்னால் நீ இங்கிலீசிலை ஏதாவது சொல்லி என்ரை வாயை அடைச்சுப்போடுவாய். "மம், லேட்டர் கதைப்பம்" எண்டுவாய். அந்த லேட்டர் இன்னும் வந்தபாடில்லை. தமிழ் எண்டால் நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கவேணும், நடுவிலை மறிச்சுக் கதைக்க ஏலாது, எனக்கு அது காணும். எட்டு வயதிலை இஞ்சை வந்த பிள்ளையைச் சனிக்கிழமையிலை அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனனான். ஏன் இழுத்தனீங்கள் எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பாய். இதுக்குத்தான் ராசா. உன்ரை மனுசி கேட்டையும் பக்கத்திலை இருத்திக்கொண்டு வாசி. அவளுக்கும் இதிலை விசயம் கிடக்கு, அவளின்ரை தாய்க்கும் கிடக்கு.

முக்கியமானதை முதலே சொல்லிப்போடுறன், கடைசி மட்டும் உன்னை இழுத்துக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. நான் டயாலிசிஸை நிப்பாட்டப் போறன். டொக்டரிட்டைச் சொல்லியாச்சு. அந்தப் பிள்ளைக்கு உன்ரை வயதுதான் இருக்கும். கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு, என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, அது உங்கடை விருப்பம், உங்களை நோகாமல் பாக்கிறது எங்கடை பொறுப்பு எண்டு சொன்னா. நிப்பாட்டினால் கன நாள் இருக்கமாட்டன் எண்டு உனக்கும் தெரியும். இன்னும் நிப்பாட்டேல்லை. நீ வருமட்டும் அந்த மெசினிலை படுப்பன், அது என்ரை வாக்கு. ஆனபடியால் இந்த இடத்திலை பேப்பரை எறிஞ்சுபோட்டு எயார்போட்டுக்கு ஓடாதை. இரு. முழுக்க வாசி. இனிக் கொஞ்சம் தோட்டத்தைப் பற்றிக் கதைப்பம், நீ தொடக்கின கதை அங்கைதான் கிடக்கு.

நீ அந்த லைலாக் பூமரத்தைக் கொண்டு வந்த நாள் ஞாபகம் இருக்கே? நான் மெசினுக்குப் போகத் தொடங்கின முதல் வருசம். என்ரை இருதயம் பலவீனம், வேறை ஆளின்ரை கிட்னி வைக்கிற ஒப்பரேசனை அது தாங்காது எண்டு டொக்டர்மார் சொல்லிப்போட்டினம். நீ உன்ரை கிட்னியைத் தர நிண்டனி, அதுவும் இல்லையெண்டு ஆச்சு. அப்பிடியெண்டால் எனக்கு இந்த மெசினும் வேண்டாம் எண்டு நான் அண்டைக்கே சொன்னனான். அடுத்த கிழமையே நீ உன்ரை குளிர் ஊர் டனீடினிலை இருந்து வந்து இறங்கினாய். கையிலை ஈரப் பேப்பர் சுத்தி, பாண் பையாலை கட்டின ஒரு தடி. இலையும் இல்லை, ஒண்டும் இல்லை, விறகுக்கும் உதவாத தடி. கேட்டின்ரை தாய் மார்கரெட்டின்ரை பண்ணையிலை நிக்கிற பழைய லைலாக்கிலை இருந்து வேரோடை பிரிச்ச கண்டு எண்டு சொன்னாய். உடுப்புக் காயப்போடுற கம்பிக்குப் பக்கத்திலை கிடங்கு கிண்டினாய். எங்கடை கிளென் ஈடன் களிமண் உனக்குத் தெரியும்தானே, மண்வெட்டியிலை ஒட்டிக்கொண்டு விழமாட்டன் எண்டு நிண்டுது, நீ காலாலை உதைச்சு உதைச்சு விழுத்தினாய். நட்டுப்போட்டுக் கையும் கழுவாமல் வந்து எனக்கு முன்னாலை குந்தியிருந்தாய். "அம்மா, இது பூக்குமட்டும் நிப்பாட்டுற கதை கதைக்கப்படாது. பூத்த பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் நான் கேக்கிறன்." தமிழிலை சொன்னாய். நீ தமிழிலை கேட்டு நான் எதுக்கு மாட்டன் எண்டிருக்கிறன்? ஓம் எண்டன்.

அப்பா பின்கதவடியிலை நிண்டு எல்லாத்தையும் கேட்டவர். நேரை சாமி அலுமாரிக்குப் போனார். அந்த மரத்திலை பூக்கிற முதல் கொத்தை அறுகம்புல்லோடை சேர்த்துக் கோயிலுக்குக் கொண்டு வாறன் பிள்ளையாரே, என்ரை மனுசியை எனக்கு விட்டு வை எண்டு நேத்தி வைச்சார். உனக்கு நேத்தியெண்டால் ஏதோ ஒரு சம்பிரதாயம். அவருக்கு அப்பிடியில்லை. ஊரை விட்டுக் கப்பலிலை ஏறினதுக்கும் நேத்தி, உனக்கு வருத்தம் மாறினதுக்கும் நேத்தி, எல்லாத்தையும் ஒண்டும் விடாமல் செய்து முடிச்ச மனுசன் அவர். செய்யாத நேத்தி ஒண்டு கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. இப்பிடி நீயும் கொப்பருமாச் சேர்ந்து என்னைக் கொண்டுபோய் அந்தத் தடியிலை கட்டிப்போட்டியள்.

பட்டாணி என்ரை வேலை. அதை ஒருத்தரும் கொண்டு வந்து தரேல்லை. நியூ லின்னிலை சாமான் வாங்கப் போன இடத்திலை, அப்பா வரிசையிலை நிக்கேக்கை, நானா எடுத்த விதைப் பை. மெசினுக்குப் போய்வந்த அடுத்த நாளிலைதான் எனக்குக் கொஞ்சம் உசிர் இருக்கும். அந்த நாளிலை குனியத் தேவையில்லாத வேலை எது எண்டு பார்த்தால் இதுதான் இருந்தது. விதையை முதல் நாள் ஊறப்போட்டால் அடுத்த நாள் பிளாஸ்டிக் கதிரையிலை இருந்துகொண்டு, உயர்த்திக் கட்டின பாத்தியிலை விரலாலை குத்திக் குத்திப் போடலாம். இஞ்சை வெயில் குறைஞ்சு மழை தொடங்கேக்கை போடவேணும். கோடையிலை போட்டால் இலையெல்லாம் மா பூசினமாதிரி வெளுத்துச் செத்துப்போம். கொஞ்ச நாளிலை மூக்கை நீட்டும், நீட்டின உடனை குருவியும் நத்தையும் வந்து நிக்கும். முதல் போட்டதை முழுக்க நத்தை திண்டிட்டுது, காலமை போய்ப் பார்த்தால் மண்ணிலை வெள்ளிக்கோடு மட்டும் கிடக்கு. நான் வாய்க்கு வந்தபடி பேசின பேச்சிலை பக்கத்து வீட்டு மனுசி வேலியாலை எட்டிப் பார்த்து, எல்லாம் ஓகேயோ எண்டு கேட்டா. திரும்பப் போட்டன். அப்பா வலை கட்டித் தந்தார், ஃபீஜோவாப் பழமரத்திலை வெட்டின கொப்புகளை நட்டுத் தந்தார். பட்டாணிக்குப் பிடிச்சு ஏற ஏதாவது இருந்தாக் காணும், மிச்சத்தைத் தானே பாத்துக்கொள்ளும். மூண்டு மாதத்திலை காய். பிடுங்கப் பிடுங்கக் காய்க்கும், பிடுங்காமல் விட்டால் கோவிச்சுக்கொண்டு நிண்டுபோம்.

லைலாக்குக்கு எங்கடை மண்ணும் பிடிக்கேல்லை, மழையும் பிடிக்கேல்லை. காலடியிலை தண்ணி நிண்டால் வேர் அழுகும் எண்டு நீ போனிலை சொல்ல, அப்பா சுத்திவரக் கல்லும் மண்ணும் போட்டு மேடாக்கினார். மண் புளிச்சிருக்கு, சாம்பலும் சுண்ணாம்பும் போடுங்கோ எண்டாய், போட்டார். நல்ல வெயில் வேணும் எண்டாய், அதுக்காக என்ரை உடுப்புக் கம்பியையே கழட்டினார். ஒரு குளிருக்கு அவர் கத்தரிக்கோலோடை வெளிக்கிட்டார், முருங்கையை மொட்டையா வெட்டித் தளைக்க வைச்ச கை அது, சும்மா இராது. நீ வீடியோவிலை பார்த்துப்போட்டுக் கத்தினாய். வரப்போற பூவெல்லாம் இப்பவே அந்த நுனியிலை கிடக்கும், குளிருக்கை வெட்டினால் பூவைத்தான் வெட்டுறியள், பூத்து முடிஞ்ச கையோடை மட்டும்தான் வெட்டலாம் எண்டாய். "அப்ப பூக்காத மரத்தை எப்ப வெட்டுறது?" எண்டு அப்பா கேட்டார். நீ லைன் சரியில்லை எண்டு போனை வைச்சிட்டாய்.

போன வருசக் குளிருக்கு நடந்ததை நான் உனக்குச் சொல்லேல்லை. யூடியூப்பிலை ஆரோ சொன்னவையாம், குளிர் காணாத ஊரிலை லைலாக்கின்ரை காலடியிலை ஐஸ் வைச்சால் அது நல்ல பனி எண்டு நம்பிப் பூக்குமாம். அப்பா பிடிச்சுக்கொண்டார். எனக்கு நாளுக்கு இவ்வளவுதான் தண்ணி எண்டு ஒரு அளவு இருக்கு, உனக்குத் தெரியும். தாகம் எண்டால் என்ன எண்டு இந்த வருத்தம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நாக்குப் போய் அண்ணத்திலை ஒட்டிக்கொள்ளும். அதுக்குத்தான் ஐஸ். ஒரு கட்டியை வாயிலை போட்டுக் கரைய விட்டால் கொஞ்ச நேரத்துக்கு ஆறுதல். ஒரு நாள் மத்தியானம் ஃப்ரீசரைத் திறந்தால் தட்டு வெறுந்தட்டு. ஜன்னலாலை பாக்கிறன், இந்த மனுசன் மழைக்கோட்டோடை குந்தியிருந்து என்ரை ஐஸை லைலாக்கைச் சுத்தி வட்டமா அடுக்குறார். எனக்கு வந்த கோவம் சொல்லேலாது. "கட்டின மனுசி நாக்கு வறண்டு கிடக்கிறன், நீங்கள் தடிக்கு ஐஸ் குடுக்கிறியளோ?" எண்டு கத்தினன். அவர் எழும்பேல்லை. திரும்பியும் பாக்கேல்லை. "இது பூத்தால்தானேயப்பா நீர் இருப்பீர்" எண்டார்.

பூத்தால் நான் போகலாம் எண்டதுதான் எங்கடை பேச்சு. அவர் அதை அப்பிடியே தலைகீழா நெஞ்சுக்குள்ளை வைச்சிருக்கிறார். அந்த மழைக்கை, அந்தக் குந்தியிருந்த கோலத்திலை, அவருக்கு அதைத் திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. போய்ப் படுத்திட்டன். அண்டையிலை இருந்து ரெண்டு தட்டு ஐஸ் வைக்கத் தொடங்கினார், ஒண்டு எனக்கு, ஒண்டு அதுக்கு. வசந்தத்திலை ஒரு நாள் "மொட்டு, மொட்டு" எண்டு சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்தார், படம் எடுத்து உனக்கும் அனுப்பினார். நாலு நாளிலை அது விரிஞ்சு இலையாப் போச்சு. வடிவான இலைதான், வெத்திலை மாதிரி. இலைக்கு அந்த மரத்திலை ஒரு குறையும் இல்லை. நீ போனிலை, "பரவாயில்லை அப்பா, அடுத்த வருசம் பூக்கும்" எண்டாய்.

இனித்தான் நீ கவனமா வாசிக்கவேணும். போன மாதம் மார்கரெட் தமக்கையைப் பார்க்க ஒஸ்ரேலியாவுக்குப் போற வழியிலை எங்களோடை வந்து நிண்டவ. நல்ல மனுசி. என்ரை உறைப்புக் கறியைக் கண்ணாலை தண்ணி ஓட ஓடச் சாப்பிட்டா. நான் பட்டாணிக் கொழுந்தைக் கிள்ளி, கொஞ்சமாத் தேங்காய்ப்பூப் போட்டு வறை வைச்சுக் குடுத்தன், தங்கடை பக்கத்திலை இதை ஆட்டுக்கு எல்லோ போடுறது எண்டு சொல்லிச் சிரிச்சா, ரெண்டாம் தரமும் வாங்கினா. பட்டாணியிலை ஒண்டும் வீண்போகாது, கொழுந்து, பூ, காய், கோது வரைக்கும் சட்டிக்குள்ளை போகும். கிட்னிக்குக் கூடாத உப்புப் போக நல்லா அவிச்சு, தண்ணியை ஊத்திப்போட்டு, ஒரு கை தின்ன எனக்கும் டொக்டர்மார் விட்டிருக்கினம். இந்த லைலாக் என்னத்துக்கு உதவும் எண்டு கேட்டன். மணக்கும் எண்டா. வேறை? யோசிச்சா. வேறை ஒண்டுமில்லை, கொஞ்ச நாள் மணக்கும், வெட்டிச் சாடியிலை வைச்சால் உடனை தலையைத் தொங்கப்போடும், நான் என்ரை மனுசனைத் தாட்ட இடத்திலை கொண்டுபோய் வைக்கிறனான் எண்டா.

அப்பிடிச் சொல்லிக்கொண்டே தேத்தண்ணிக் கோப்பையோடை போய் எங்கடை மரத்தைப் பார்த்தா. நானும் கதிரையைப் பிடிச்சுப் பிடிச்சுப் பின்னாலை போனன். கொப்பின்ரை நுனியை விரலாலை தடவினா. "பாவம் இது. இஞ்சை நிண்டால் ஒரு நாளும் பூக்காது. இதுக்குக் கல்லு மாதிரி உறையிற பனி வேணும். நான் உங்கடை மகனுக்கு அண்டைக்கே பண்ணை வாசலிலை வைச்சுச் சொன்னனானே. தெரியும் எண்டான். பூக்காட்டிலும் பரவாயில்லை, தாங்கோ எண்டு வாங்கிக்கொண்டு போனான்" எண்டா. அவவுக்கு எங்கடை பேச்சு ஒண்டும் தெரியாது. பாவம், பகிடி மாதிரித்தான் சொன்னா. கேக் இன்னும் ஒரு துண்டு சாப்பிடுங்கோ எண்டு சொல்லி அவவை உள்ளை கூட்டிக்கொண்டு போனன்.

அட கள்ளா. தெரிஞ்சுகொண்டுதான் கொண்டு வந்தனி. பூக்குமட்டும் இருங்கோ எண்டு சொல்லி, பூக்கவே பூக்காத மரத்தைத் தேடிக் கொண்டு வந்து என்ரை வளவிலை நட்டிருக்கிறாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ கிட்ட நிண்டிருந்தால் இந்த வயதிலையும் அடிச்சிருப்பன். அந்தக் கிழமை நீ எடுத்த போன் ஒண்டுக்கும் நான் வராமல், படுத்திருக்கிறா எண்டு அப்பாவைச் சொல்ல வைச்சது அதுக்குத்தான். நீ என்னை ஏமாத்தினது ஒரு பக்கம். அந்த மனுசன் மழைக்கை குந்தியிருந்து ஐஸ் அடுக்கினாரே, அதை நினைக்கத்தான் எனக்கு வயிறு எரிஞ்சது. உன்ரை மனுசியிட்டை, நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளையிட்டை, இப்பிடி ஒரு விளையாட்டு விடாதை. வராத நாளைக் காட்டி ஒரு சீவனைக் காத்திருக்க வைக்கிறது பெரிய கொடுமை. இதை நான் உனக்குப் புத்திமதியாச் சொல்லுறன், கோவத்திலை சொல்லேல்லை.

கோவம் போன பிறகு எனக்கு அந்தச் சப்பாத்து ஞாபகம் வந்தது. முதியோர் இல்லத்துக் குசினியிலை நான் வேலை செய்த காலம், நீ நாலாம் வகுப்போ ஐஞ்சாம் வகுப்போ. ஞாயிற்றுக்கிழமையும் அம்மா வேலைக்குப் போறா எண்டு என்ரை ஒரு சப்பாத்தை எடுத்து ஒளிச்சுப்போட்டாய். ரெண்டையும் ஒளிச்சால் களவு தெரிஞ்சிடும் எண்டு ஒண்டை மட்டும் ஒளிச்ச கெட்டிக்காரன். நான் தேடித் தேடி, பஸ் போற நேரமாச்சு எண்டு பாட்டாச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினன். அண்டு முழுக்கக் கால் ஈரம். பின்னேரம் வந்து பார்த்தால் சப்பாத்து வாசலிலை துடைச்சு வைச்சுக் கிடக்கு, நீ கதவுக்குப் பின்னாலை நிக்கிறாய். உன்னைப் பேசவும் ஏலேல்லை, கொஞ்சவும் ஏலேல்லை. அதே பிள்ளைதான் இப்ப மரம் கொண்டு வந்திருக்குது. நான் உன்னைப் பேசேல்லை ராசா. ஆனால் சப்பாத்தை ஒளிச்சாலும் போகவேண்டிய நேரம் நான் போனனான்.

ஏன் நிப்பாட்டுறன் எண்டு கேப்பாய். நீ மாதத்திலை ஒருக்கா வந்து பாக்கிற அம்மா, தலை இழுத்து, பொட்டு வைச்சு, சோறு போடுற அம்மா. அது உனக்காக நான் கிழமை முழுக்கச் சேர்த்து வைச்ச பலம். மற்ற நாளிலை நான் மெசினுக்குப் போறன், இல்லாட்டில் போய்வந்த களை ஆறக் கிடக்கிறன், வேறை ஒரு சீவியமும் இல்லை. கால் சுருட்டி இழுக்கேக்கை பல்லைக் கடிச்சுக்கொண்டு கத்தாமல் கிடக்கப் பழகியிட்டன். பக்கத்துக் கதிரையிலை ஒரு சமோவாத் தீவு ஐயா இருந்தவர், ஊசி ஏறேக்கை வேதக்கோயில் பாட்டை மெல்லமா முணுமுணுப்பார். ஒரு நாள் போனால் அந்தக் கதிரையிலை வேறை ஆள். ஐயா எங்கை எண்டு நான் கேக்கேல்லை. இப்ப என்ரை இடக்கால் விரல் ரெண்டு கறுத்துப்போச்சு, புண் ஆறுதில்லை. காலை எடுக்கவேணும், கணுக்காலோடை நிக்குமோ முழங்கால் மட்டும் போகுமோ சொல்லேலாது எண்டினம். அப்பிடித் துண்டு துண்டாப் போக நான் விரும்பேல்லை. பயம் இல்லையோ எண்டால் இருக்கு, நல்லா இருக்கு. பயத்தோடைதான் சொல்லுறன், எனக்குக் காணும்.

அப்பாவுக்கு முந்தநாள் சொன்னன். மரத்தின்ரை கதையையும் சொன்னன், மார்கரெட் சொன்னதையும் சொன்னன். அவர் குசினிக்குப் போய்க் கோப்பை கழுவினார். கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினார். நான் பின்னாலை போய் நிண்டன். தண்ணியைப் பூட்டாமல், திரும்பாமல், "அப்ப நேத்தி?" எண்டு கேட்டார். அந்த ஒரு கேள்விதான் கேட்டார். பிறகு நான் அவரின்ரை முதுகிலை தலையை வைச்சுக்கொண்டு நிண்டன், இவ்வளவு வருசத்திலை நாங்கள் அப்பிடி நிண்டதில்லை.

அதாலைதான் உன்னைக் கூப்பிடுறன். பூத்த பிறகு என்ன சொன்னாலும் கேக்கிறன் எண்டாய். அது பூக்கேல்லை, ஆனபடியால் நீ கேக்கத் தேவையில்லை, நானும் ஓம் எண்டு சொன்ன சொல்லை உடைச்சுப்போட்டுப் போக மாட்டன். ஆனால் நட்டது நீ. நீயே வந்து கிண்டு. நீ அதை என்ரை வளவிலை இருந்து எடுத்தால் என்னை விட்டிட்டாய் எண்டு நான் எடுத்துக்கொள்ளுறன், நீ வாயாலை ஒண்டும் சொல்லத் தேவையில்லை. இப்ப இலை இல்லாமல் நித்திரையிலை நிக்குது, பேர்த்து நட இதுதான் காலம். நல்ல கூரான மண்வெட்டி கொண்டு வா, கொப்பர்ரை மண்வெட்டி அந்தக் களிமண்ணுக்கு மழுங்கிப்போச்சு. ஒரு சாக்கும் கொண்டு வா. அகலமா வெட்டி, வேர் அறாமல், மண்ணோடை சாக்கிலை கட்டு. உன்ரை வளவிலை நல்லாப் பனி கொட்டுற இடமாப் பார்த்து நடு. அது பூக்க எத்தினை வருசம் எடுத்தாலும் எடுக்கட்டும். பூத்த அண்டைக்கு முதல் கொத்தை ஈரத் துணியிலை சுத்தி, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து பிள்ளையாருக்கு வை. பிள்ளையார் என்னை விட்டு வைச்சாரோ இல்லையோ, சொன்ன சொல்லு சொன்னதுதான். அவருக்கு அது ஒண்டு செய்து குடு.

அப்பாவையும் உன்னோடை கொண்டு போ. வரமாட்டன் எண்டுவார், குளிர் எண்டுவார், வீட்டை ஆர் பாக்கிறது எண்டுவார். கெஞ்சாதை. மரத்தைப் பாக்க ஆள் வேணும் எண்டு மட்டும் சொல்லு, வெளிக்கிட்டிடுவார். அங்கை அதுக்கு ஐஸ் வைக்கத் தேவையில்லை எண்டும் சொல்லிவிடு. மெசினை நிப்பாட்டின அண்டைக்கு நான் ஒரு பெரிய கிளாஸ் நிறையத் தண்ணி குடிக்கவேணும், ரெண்டு தட்டு ஐஸையும் கொட்டி. அதை அவர் தன்ரை கையாலை எடுத்துத் தரட்டும்.

பட்டாணியை அப்பிடிக் கிண்டக் கூடாது, அதையும் சொல்லிப்போடுறன், நீ அவசரத்திலை எல்லாத்தையும் பிடுங்கிற ஆள். காய்ச்சு முடிஞ்சு கொடி மஞ்சளாப்போனால் அடியிலை கத்தரிக்கோலாலை வெட்டு. வேரை மண்ணுக்குள்ளையே விடு, அது உக்கி அடுத்து நடுறதுக்கு உரமாகும். அப்பாவும் அங்கை வந்த பிறகு இந்த வீட்டை வித்தால், வாங்க வாறவைக்கும் சொல்லு, அந்தப் பாத்தியிலை என்ன போட்டாலும் வரும் எண்டு. லைலாக்கிலை ஒரு வேரையும் விடாதை, பட்டாணியிலை ஒரு வேரையும் தொடாதை. மாறிச் செய்துபோடாதை.

இண்டைக்குக் காலமை போய்த் தொட்டுப் பார்த்தன். காய் உருண்டு வருது, இன்னும் பச்சை மினுங்குது, உள்ளுக்கை மணி தட்டுப்படுது. இந்தக் கிழமை இனிப்பா இருக்கும், விட்டால் மாவாப்போம், பிறகு என்ன சீனி போட்டாலும் திரும்பாது. உன்னோடை பின்படியிலை இருந்து, அவிக்காமல், தண்ணி ஊத்தாமல், பச்சையா ஒரு கை உரிச்சுத் தின்னவேணும் எண்டு எனக்கு ஆசையாக் கிடக்கு. லைலாக் எத்தினை நாளும் நிக்கும், அது என்னைப்போல இல்லை. பட்டாணி நிக்காது. கெதியா வா ராசா.

அம்மா